வெர்னா உட்கார்ந்த அளவு

பதினோரு வருஷம் கையால் கட்டிய வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நிமிர்ந்து உட்காரப் போன ஹார்லனின் மண்டை, கூரையில் ணங்கென்று இடித்தது. முதலில் தொப்பியின் மேல்தான் சந்தேகப்பட்டான். கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு மறுபடி நிமிர்ந்தான். இந்தத் தடவை வழுக்கை நேராகத் தகரத்தில் பட்டது. கழுத்தை இடது தோளோடு ஒட்டச் சாய்த்தான். தலை அடங்கியது. ஆனால் அதற்கு இடம் விட்டு இடுப்பு முன்னால் நகர்ந்ததில் இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டன. காலை உருவினால் தோள் விடவில்லை. தோளைத் திருகினால் தாடை ஹாரனை அமுக்கியது. சோளக்கொல்லை தாண்டி அரை மைலுக்குக் கேட்க வேண்டும் என்று அவனே தேடிப் பிடித்துப் பொருத்திய ஹாரன் அது.

அவன் மனைவி வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியோடு வந்து ஷெட் வாசலில் நின்றாள்.

“என்ன, வெளிய வர முடியலயா?”

“வர முடியும். கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறேன்.”

“கழுத்த அப்படி வெச்சுக்கிட்டா?”

“இந்த மாதிரி வண்டில இப்படித்தான் உக்காருவாங்க.”

“சரி, உக்காரு” என்று திரும்பினாள். பத்து எட்டு நடந்திருக்க மாட்டாள், ஹாரன் மறுபடி அலறியது. இந்த முறை நீளமாக.

பூட்ஸ் இரண்டையும் பிடித்து அவள்தான் இழுத்துப் போட்டாள். ஐந்தடி உயரம்; ஆனால் இருபத்தாறு வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிற கை. தரையில் மல்லாந்து கிடந்த ஹார்லன் தன் ஆறடி மூன்றங்குலத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் உடம்பு இப்படித் தேவையில்லாமல் நீண்டு கிடப்பதாகத் தோன்றியது அன்றைக்குத்தான். அன்றைக்குத் திங்கள். சனிக்கிழமை ஜூலை நாலாம் தேதி ஊர்வலம்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை நாலுக்கு பாண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டி, டிராக்டர்கள் எல்லாம் போன பிறகு கடைசியாக ஹாட் ராட்கள் வரும். பழைய வண்டியைக் கண்டெடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய எஞ்சினைத் திணித்து, அந்த எஞ்சின் ஊருக்கெல்லாம் தெரியும்படி மூடியைக் கழற்றி எறிந்து, வீட்டு ஷெட்டிலேயே கட்டி முடிக்கிறவர்களின் வண்டிகள். அவர்களுக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான். கட்டினவன் ஓட்டணும். ரெடியாகக் கட்டியதை வாங்கி ஓட்டுகிறவனுக்கும் ஊர் கை தட்டும். இரவல் நகை போட்டு வந்தவளிடம், அழகாக இருக்கிறாய் என்று சொல்வது போல. வெர்னாவின் தம்பி டெல்பர்ட் அப்படி ஒரு செக்கச்செவேல் காரில்தான் ஆறு வருஷமாக ஊர்வலம் போகிறான். ஹார்லன் ஒவ்வொரு வருஷமும் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் “அடுத்த வருஷம்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் பேர் கொடுத்துவிட்டான். ஓட்டுபவர் என்ற இடத்தில் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டும் வந்தான்.

ஹார்லனின் வண்டி நாற்பத்தொன்பதாம் வருஷத்து பிக்கப் லாரி. ஒரு கிழட்டு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மரம் முளைத்து நின்றதை, மரத்தை வெட்டித்தான் வெளியே எடுத்தான். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சவ ஊர்தியிலிருந்து வந்தது. அவசரமே படாத வண்டி, அதனால் தேய்மானம் இருக்காது என்பது அவன் கணக்கு. சீட், வெர்னாவின் பழைய ஸ்கூல் பஸ்ஸில் கழித்துப் போட்டது. மஞ்சள் பெயிண்டும் அந்த பஸ் ஷெட்டில் மிஞ்சியதுதான்.

முப்பத்தோரு வருஷம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவன் ஹார்லன். அறுத்த பன்றிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டே வரும். ஒன்று கடந்து அடுத்தது வருவதற்குள் முன்னங்காலை மூட்டில் பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. வலது கையில் இரண்டு விரல் அந்த வேலையிலேயே மடங்கிப்போய், இப்போது முழுசாக விரியாது. மீதி எட்டு விரலில்தான் வண்டி கட்டினான். “என் வெட்டு தப்பாது” என்பது அவன் வாயில் அடிக்கடி வரும். இப்போதும் தப்பவில்லை. கூரையை அறுத்த நாலு தூணிலும் ஐந்தங்குலம் என்றால் ஐந்தங்குலம், மயிரிழை பிசகவில்லை. டேப்பை எடுத்து மறுபடி மறுபடி அளந்தான். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் அளவு எழுதிய நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. டேப்பை அவன் யார் கையிலும் கொடுக்க மாட்டான். அளப்பவன் வெளியே நின்றால் உள்ளே ஒருத்தர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அதனால் பெடல் வைக்கும்போதும், ஸ்டீயரிங் தண்டைச் சாய்க்கும்போதும், கியர் கம்பியை வளைக்கும்போதும், “வெர்னா, ஒரு நிமிஷம் வந்து உக்காரு” என்று கூப்பிட்டிருக்கிறான். “முன்னாடி ஒண்ணும் தெரியல” என்று அவள் சொன்ன நாளில், ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு சீட்டின் கால்களை நாலங்குலம் நீட்டி வெல்டு வைத்திருக்கிறான். போன குளிர்காலம் கூரை வெட்டியபோது, அவள் தலைக்கு மேல் நாலு விரல் விட்டுக் கோடு போட்டிருக்கிறான். கூரை இல்லாத காலத்தில் அவனும் உட்கார்ந்து, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டுப் பார்த்தவன்தான். அப்போது தலைக்கு மேலே வானம்தான் இருந்தது. இடிக்கவில்லை. கூரை ஏறிய பிறகு சீட் தையல்காரனிடம் இருந்தது. அது திரும்பி வந்தது போன சனிக்கிழமை.

“இத்தன வருஷமா உக்காந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றான் சாப்பாட்டு மேஜையில்.

“ரெண்டு மூணு தடவ வாயத் தெறந்தேன். ‘அசையாத’ன்னு சொன்ன. அசையல.”

வெட்டிய கூரையைத் திரும்ப உயர்த்துவது, பிரித்த பன்றியைத் திரும்ப ஒட்டுவது மாதிரி. நாலு நாளில் ஆகிற காரியமில்லை. செவ்வாய்க்கிழமை சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சோபா மெத்தை ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். தலை தப்பியது. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து, வெட்டுக்கிளி ஸ்டீயரிங் பிடித்த மாதிரி இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது என்று எஞ்சினைக் கிளப்பினான். சவ ஊர்தியின் எஞ்சின், புகைக்குழாயில் சைலன்சர் எதுவும் இல்லாமல் உறுமியபோது ஷெட்டின் தகரமெல்லாம் நடுங்கியது; அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கியதாலும், வெட்டித் தாழ்த்திய கண்ணாடி வழியாக ஒரு சாண் வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியாததாலும், வாசல் வரை போனவன் தன் வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்தான். அன்றைக்கு வந்த கடிதங்கள் புல்லில் சிதறின.

அதை அக்கம்பக்கத்தில் யாரோ பார்த்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் டெல்பர்ட் வந்தான். பிளம் பழம் வைத்த கொலாச் ரொட்டி ஒரு பெட்டி கையில். ரொட்டி அக்காளுக்கு, சிரிப்பு மச்சானுக்கு.

“மச்சான், சவப்பெட்டி செய்யறவன்கூட உள்ள படுக்கப் போறவனத்தான் அளப்பான்.”

“கிண்டல் பண்ண வந்தியா, ரொட்டி குடுக்க வந்தியா?”

“உதவி பண்ண வந்தேன். நீ பேரு குடுத்தாச்சு. ஊரு பூரா சொல்லியாச்சு. உனக்கு உள்ள போகல. நான் அஞ்சடி ஆறு. நான் ஓட்டறேன். என் காரு ஒரு வருஷம் வீட்ல கெடக்கட்டும்.”

ஹார்லனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு திருகாணி முடுக்கத் தெரியாதவன் இவன். இவன் ஓட்டிக்கொண்டு போக, ஹாட் ராட் கட்டுகிறவர்கள் எல்லாம் பார்க்க, ஒலிபெருக்கியில் இவன் பேரைச் சொல்ல, தான் அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுவதா? வண்டியை நிறுத்திவிடலாம் என்றால், “அடுத்த வருஷம்” என்று இன்னொரு தடவை சொல்ல நாக்கு வராது. ஆனால் வேறு வழியும் இல்லை. சாவியை நீட்டினான். நீட்டிய கையை மடக்குவதற்குள் டெல்பர்ட் பிடுங்கிக்கொண்டான்.

சீட் பழையபடி மேலே ஏறியிருந்தது. டெல்பர்ட்டின் தலை அம்சமாக உள்ளே போனது. தொப்பைதான் போகவில்லை. ஸ்டீயரிங் இருந்தது ஐந்தடிப் பெண்ணின் கை எட்டுகிற தூரத்தில். மூச்சை இழுத்து ஒரு தம்மில் நுழைந்தான். நுழைந்தபின் மூச்சை விட்டான். அவ்வளவுதான். ஹாரன் அலறத் தொடங்கியது. நிறுத்த வழி தெரியாமல் அலறிக்கொண்டே இருந்தது.

“மூச்ச உள்ள இழுடா!” என்று ஹார்லன் கத்தினான்.

“இழுத்தா விட வேணாமா!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெர்னா வந்தாள். தம்பியையும் அதே மாதிரி பூட்ஸைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், வண்டிக்குள் ஏறினாள். ஏறின விதத்தை ஹார்லன் பார்த்துக்கொண்டே நின்றான். தேடவில்லை, தடவவில்லை. கை போன இடத்தில் கியர் இருந்தது. கால் போன இடத்தில் கிளட்ச் இருந்தது. பார்வை போன இடத்தில் சாலை. அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தாள். பழக்கதோஷத்தில் கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற மாதிரி ஒரு முறை முறைத்தாள். டெல்பர்ட் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“அப்ப நீதான் ஓட்டப் போறியா?” என்றான் தம்பி. “கட்டினவன் ஓட்டணும்னு மச்சான் எனக்கு ஆறு வருஷம் உபதேசம் பண்ணினாரே?”

வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டெல்பர்ட்டை அல்ல, ஹார்லனை.

“பதினோரு வருஷமா என்னையே உக்கார வெச்சு அளந்தான். எங்க பஸ் பெயிண்ட், எங்க பஸ் சீட்டு. எனக்குத்தான் கட்டறான்னு எனக்குத் தெரியாதா? வேற யாராவது வந்து உக்காந்தா எப்படிடா போகும்?”

டெல்பர்ட் ஒரு கொலாச்சை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஒரு நாள், ஒரு நொடிகூட ஹார்லன் அப்படி நினைத்ததில்லை. அத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் இருந்தவளிடம் “அசையாத” என்பதைத் தவிர வேறென்ன பேசினான் என்றுகூட ஞாபகம் வரவில்லை. அவள் நிஜமாகவே நம்பினாளா, இல்லை தம்பி முன்னால் புருஷன் மானத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னாளா? கடைசி வரிசையில் எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். அவள் முகத்திலிருந்து மட்டும் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

“ஸ்டீயரிங் கிட்டத்துல இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

“சரியா இருக்கு” என்றாள்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பேரை மாற்றினான். ஊர்வலக் கணக்கு வைத்திருக்கும் ஐயோன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

“ஓட்டறது வெர்னாவா? அப்ப நீ எங்க?”

“பின்னாடி.”

“கட்டினவர்னு போடட்டுமா?”

“போடு.” கொஞ்சம் நின்றான். “வண்டி யாருதுன்னு ஒரு எடம் இருக்குல்ல. அதுலயும் அவ பேரையே போடு.”

சனிக்கிழமை காலையிலேயே வெயில் சுட்டது. சுமை ஏற்றும் இடத்தில் அதே மடக்கு நாற்காலியைக் கயிற்றால் கட்டி, பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தான் ஹார்லன். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் எதிரே கூரைதான் தெரியும். அதைப் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை. பின்னால் வந்தது டெல்பர்ட்டின் செக்கச்செவேல் கார். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில், மச்சானும் மச்சானும் பத்தடி தூரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கி, “வண்டி வெர்னா ஜெலினெக்குடையது, ஓட்டுவது வெர்னா, கட்டியது அவர் கணவர்” என்றது. ஓரத்தில் நின்ற பஸ் டிரைவர் பெண்கள் விசிலடித்தார்கள். தொழிற்சாலைப் பழைய சகா ஒருவன், “ஹார்லன், உன்ன சந்தைக்கா ஏத்திக்கிட்டுப் போறாங்க?” என்று கத்தினான். ஹார்லன் தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

தானியக் கிடங்கு தாண்டித் தண்டவாளம். ரயில் வந்து ஒன்பது வருஷமாகிறது. கட்டைகளுக்கு நடுவே சூரியகாந்தி இடுப்புயரம் பூத்துக் கிடந்தது. வண்டி நின்றது. எஞ்சின் மக்கர் பண்ணுகிறதோ என்று ஹார்லனுக்குப் பகீரென்றது. திரும்பிப் பார்த்தான். ஓட்டுநர் கதவு முழுசாகத் திறந்திருந்தது. வெர்னா தலையை வெளியே நீட்டி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு அசையாமல் காது கொடுத்தாள். ஸ்கூல் பஸ் தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சட்டம். மாதா கோவிலுக்குச் சொந்தக் காரில் போகும்போதும் அவள் அப்படித்தான்.

டெல்பர்ட் பிரேக்கைப் போட்டான். அவனுக்குப் பின்னால் வந்த ஏழெட்டு வண்டிகளும் நின்றன. அவள் கையை உயர்த்த, ஒவ்வொரு எஞ்சினாக அணைந்தது. ஓரத்தில் நின்ற சனம்கூட என்னவோ என்று பேச்சை நிறுத்தியது. அந்த அமைதியில் சவ ஊர்தியின் எட்டு சிலிண்டரும் ஒன்று தவறாமல், அவசரப்படாமல் துடித்துக்கொண்டிருந்தது ஹார்லனின் உள்ளங்காலில் ஏறியது.

தனக்குத்தான் கட்டுகிறான் என்று நிஜமாகவே நம்பினாளா, கேட்டுவிடலாமா என்று நினைத்தான். கூரைக்கு மேலே எட்டிக் குனிந்தால் கேட்கலாம். ஆனால் அவள் இன்னும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹார்லனும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, காலியான தண்டவாளத்தின் பக்கம் தலையைச் சாய்த்தான்.