நல்லாக் கேக்குது, ஹார்லன்

ஹார்லன் வீட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற ஆன்டெனாவைப் பற்றிப் பேச்செடுத்தால் டெல்மருக்கு வாய் ஓயாது. எழுபதுகளில் நெப்ராஸ்காவில், ஆளுக்கு ஆள் பேசிக்கொள்கிற சி.பி. ரேடியோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லாரிக்காரன், பன்றிப் பண்ணைக்காரன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் என்று எல்லோரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பட்டப்பெயரில் அலப்பறை செய்த காலம் அது. டெல்மருக்கு ‘ஒற்றைச் செருப்பு’ என்று பெயர். ஹார்லனுக்கு ‘நனைஞ்ச தீப்பெட்டி’. இரண்டு பெயரும் எப்படி வந்தன என்பதைக் கேட்டால் இருவரும் சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆன்டெனா பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு நீள அலுமினியக் குழாய், அடியில் குடைக்கம்பி மாதிரி விரிந்த நாலு கம்பிகள், நடுவே ஒரு செம்புச் சுருள். ஆனால் அதில் ஹார்லன் தும்மினால் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரன் ‘கர்த்தர் காப்பாத்தட்டும்’ என்பான். கோடையில் அலபாமாக்காரன் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பேசுகிற மாதிரி வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் சர்ச்சில் பாதிரியார் செங்கடல் பிளந்ததை விவரித்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் ஹார்லனின் குரல் புகுந்தது. “எல்லாரும் வேகத்தைக் குறைங்கடா, பாலத்துக்குக் கீழ போலீஸ்காரன் ஒளிஞ்சிருக்கான்!” அந்தப் பாதிரியார் மாற்றலாகிப் போகும்வரை ஹார்லன் பக்கம் முகம் திருப்பவில்லை.

இப்போது கடையில் விற்கிற குச்சிகளை ஆன்டெனா என்று ஒப்புக்கொள்ள டெல்மருக்கு மனசு வராது. முதுகு சொறியத்தான் லாயக்கு என்பார். பேசுவதற்கு ஆளும் இல்லை. அந்த வட்டாரத்தில் மிஞ்சியது இந்த இரண்டு கிழங்கள்தான். இருவருமே மனைவியைப் பறிகொடுத்தவர்கள். இடையில் எட்டு மைல் சோளக்காடு. ஆனாலும் மாலை ஆறு மணியானால் இருவரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எப்படிக் கேக்குது?” பதிலும் ஒன்றுதான்: “நல்லாக் கேக்குது, முள் முட்டிக்கிட்டு நிக்குது.” ரேடியோவின் முகத்தில் ஒரு சின்ன முள் உண்டு. வருகிற குரலுக்கு எவ்வளவு பலமோ அந்த அளவுக்கு அது வலப்பக்கம் சாயும். சி.பி.க்காரர்களுக்குள் ஒரு மரியாதை என்னவென்றால், முள் பாதிதான் சாய்ந்தாலும் முழுசாய்ச் சாய்ந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்தவனின் ஆன்டெனாவைக் குறை சொல்வதும் அவன் பெண்டாட்டியின் சமையலைக் குறை சொல்வதும் ஒன்று.

போன ஆண்டு வசந்தத்தில் அடித்த புயலில் அந்தக் கம்பம் சாய்ந்தது. சேதி கேட்டு ஓமஹாவிலிருந்து ஹார்லனின் மகள் ரோவீனா ஓடி வந்தாள்.

“இதைச் சாக்கா வெச்சாவது என்கூட வந்துடுங்கப்பா. கீழ ரூம் தயாரா இருக்கு. பனிக்காலத்துல தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?”

“ஏன், டெல்மருக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்தா வந்துடுவான்.”

“எதுல குரல் கொடுப்பீங்க? அதுதான் உடைஞ்சு கெடக்கே!”

ஹார்லன் தாடையைச் சொறிந்தார். “சரி, ஒரு ஒப்பந்தம். டெல்மர் அதை நிமிர்த்தட்டும். பழையபடி வேலை செஞ்சா நான் இங்கதான். செய்யலன்னா நானே பெட்டியைக் கட்டிடுறேன். உன் அம்மா மேல ஆணை.”

ரோவீனா ஒப்புக்கொண்டாள். வளைந்து கிடந்த அந்தக் குழாயைப் பார்த்த யாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

டெல்மர் கோடை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். குழாயை நிமிர்த்தினார், கம்பிகளை மாற்றினார். செம்புச் சுருள் மட்டும் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பழைய சுருள் இப்போது எங்கும் கிடைக்காததால் தானே ஒன்றைச் சுற்றிப் பொருத்தினார். பக்கத்துப் பண்ணையின் டிராக்டரைக் கொண்டுவந்து கம்பத்தை நிறுத்தியபோது ஹார்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை டெல்மர் வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போட்டார். ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், தகர டப்பாவுக்குள் அடைபட்ட ஈ மாதிரி ஹார்லனின் குரல். “எப்படிக் கேக்குது?” என்ற கேள்வியைக்கூட அவர் ஊகித்துத்தான் தெரிந்துகொண்டார். முள் அசையவே இல்லை.

கேட்கவில்லை என்று சொன்னால் ஹார்லன் ஓமஹா போய்விடுவார். அப்புறம் ஆறு மணிக்கு என்ன செய்வது? டெல்மருக்கு முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான். ஹார்லனின் நலம் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கே வரவில்லை. இதை அவரால் பின்னால் எப்படித் திருப்பிப் பார்த்தும் மாற்ற முடியவில்லை.

“நல்லாக் கேக்குது, ஹார்லன். முள் முட்டிக்கிட்டு நிக்குது” என்றார்.

சுருளை அவிழ்த்து வேறு மாதிரி சுற்றினால் சரியாகிவிடும், அடுத்த வாரம் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் அறுவடை. அதற்கடுத்து முட்டி வலி. அப்புறம் பனி விழுந்துவிட்டது. எண்பதை நெருங்குகிறவன் பனியில் கம்பம் ஏறினால் ஊர் சிரிக்கும். ஹார்லனோ போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்தார். “எழுபத்தாறுல எப்படி இருந்துச்சோ அப்படியே! டெல்மர் கை பட்டா துரு கூடப் பேசும்!” தபாலாபீசில் ஆட்கள் டெல்மரின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டும் அவருக்குச் சவுக்கடியாக விழுந்தது. மாலையில் இரைச்சல் நிற்கும்வரை காத்திருந்து, “நீ சொல்றதும் நியாயம்தான்டா” என்று எதற்கென்றே தெரியாமல் தலையாட்டப் பழகிக்கொண்டார்.

ஜனவரியில் கடும்பனி கொட்டிய ஒரு நாள். டெல்மர் அடுப்பில் சில்லி என்கிற கறியும் பீன்ஸும் சேர்ந்த குழம்பு வைத்திருந்தார். தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி சூடாகிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு வழக்கம்போல அந்த ஈ ரீங்கரித்தது. வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்த மாதிரி பட்டது. பனியினால் இருக்கும்.

“நல்லாக் கேக்குது, ஹார்லன். முள் முட்டிக்கிட்டு நிக்குது.”

ஈ மறுபடி ரீங்கரித்தது. டெல்மர் ரொட்டியைப் பார்த்தபடியே, “அதேதான்டா, நானும் அதைத்தான் நெனச்சேன்” என்றார். சில்லி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. “சரி, நாளைக்குப் பேசுவோம்” என்று ரேடியோவை அணைத்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஹார்லன் வீட்டு கேஸ் டேங்க் நிரப்ப வந்த ஆள்தான் அவரைக் கண்டுபிடித்தான். சமையலறைத் தரையில், இடுப்பெலும்பு முறிந்து, கையில் ரேடியோ மைக்கோடு கிடந்தார். முந்தின நாள் மத்தியானமே விழுந்திருக்கிறார்.

டெல்மர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரோவீனா வராந்தாவிலேயே அவரை மடக்கினாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“அங்கிள், அப்பாவுக்குப் புத்தி பெசகிருச்சுன்னு டாக்டர் சந்தேகப்படுறார். உங்களை ரேடியோல கூப்பிட்டாராம். நீங்க நல்லாக் கேக்குதுன்னு சொன்னீங்களாம். அப்புறம் பனியில ரோடு அடைச்சிருக்கும், இல்லன்னா வந்திருப்பான், அவனைத் திட்டாதீங்கன்னு நர்சுகிட்டயும் சொல்றார். சாயங்காலம் ஒரு டாக்டர் வந்து பார்த்துட்டு, மறதிக்காரங்களை வெச்சுப் பூட்டுற இடத்துக்கு எழுதிக் கொடுத்துடுவாங்க போலிருக்கு.” அவள் மூக்கைச் சிந்தினாள். “அப்படியெல்லாம் எதுவும் நடக்கலதானே, அங்கிள்?”

‘இல்லம்மா’ என்ற ஒரு வார்த்தை போதும். அவள் நம்பத் தயாராக நின்றாள். ஊரும் நம்பும். டெல்மரின் நாக்கு அந்த வார்த்தையை எடுத்தும் விட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது எவ்வளவு வேகமாகப் புரள்கிறது என்று பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“நடந்துச்சும்மா. அவன் புத்தி தெளிவாத்தான் இருக்கு. கூப்பிட்டான். நல்லாக் கேக்குதுன்னு சொன்னேன். ஆனா எனக்கு எதுவும் கேக்கல. அந்த ஆன்டெனாவை நிறுத்தின நாள்லேருந்தே கேக்கல. அவன் ஊரை விட்டுப் போயிடுவானேன்னு பொய் சொன்னேன்.”

ரோவீனா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்; திட்டியிருந்தால் தேவலாம். “நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அங்கிள் நான் அவரை அங்க விட்டுட்டுப் போனேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரைத் தேடிப் போனாள்.

உள்ளே ஹார்லன் தலையணையில் சரிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. டெல்மரைக் கண்டதும் அதில் ஒரு சிரிப்பு வந்தது.

“வாடா ஒற்றைச் செருப்பு. ரோட்டைத் தெறந்துட்டானுங்களா?”

“ரோடு அடைக்கவே இல்லடா.” டெல்மர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். “எனக்குக் கேக்கல, ஹார்லன். ஒரு நாளும் கேக்கல. சும்மா சொன்னேன்.”

ஹார்லன் கையை லேசாக உதறினார்.

“அது எனக்குத் தெரியாதா? பேசுறதுக்கு உதவாத ஆன்டெனா கேக்குறதுக்கு மட்டும் உதவுமா? நீ பேசுறதும் எனக்கு வெறும் இரைச்சல்தான். ஓமஹா போகணுமேன்னு நானும் வாயைத் தெறக்கல. ரெண்டு கிழட்டுப் பயலுக ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒருத்தன் இரைச்சலை ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.”

டெல்மருக்கு நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று பாதி இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தும் விட்டார். “தெரிஞ்சும் ஏன்டா முட்டாள் அதுல கூப்பிட்ட? போன் என்னாச்சு?”

“போன் படுக்கையறையில. மைக்கு ஒயர்தான் மேசைலேருந்து தொங்கிக்கிட்டு இருந்துச்சு, இழுத்துப் பார்த்தேன். பதில் இல்ல. சரின்னு போன் பக்கம் ஊர ஆரம்பிச்சேன். வலி உயிர் போச்சு. ஆனாலும் அங்குலம் அங்குலமா கதவுகிட்ட வந்துட்டேன், மைக்கையும் இழுத்துக்கிட்டே. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

அவர் நிறுத்தி, தண்ணீர் கேட்டார். டெல்மர் உறிஞ்சுகுழலை அவர் உதட்டில் வைத்தார்.

“அப்ப ஆறு மணி ஆயிருக்கும். கடைசியா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போமேன்னு கூப்பிட்டேன். உன் குரல் வந்துச்சுடா. இத்தனை மாசத்துல மொதல் தடவையா, எழுபத்தாறுல வந்த மாதிரியே, கணீர்னு. காத்து எப்படி மாறிச்சோ தெரியல. ‘நல்லாக் கேக்குது, ஹார்லன்’னு. அந்த ஒரு வரிதான், அப்புறம் பழையபடி இரைச்சல். அட, பழைய ஆன்டெனா முழிச்சுக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டேன். டெல்மர் கெளம்பிட்டான், இனிமே பயமில்லன்னு நெனச்சு, ஊர்றதை நிறுத்திட்டேன்.”