கதவு கழற்றிய அலமாரி

2025 டிசம்பர் 27, சனிக்கிழமை. குமாரபாளையத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் அன்பு, அடுத்த தெருவிலிருக்கும் சித்தி வீட்டுக்குப் படிக்கப் போனாள்.

"இங்க எங்க உக்கார்றதும்மா?" என்றுதான் தாய் சௌந்தர்யாவிடம் கேட்டாள். மேசைமேல் துவைத்த துணி, மாத்திரை அட்டை, பாதி பிரித்த பார்சல். நாற்காலிகளும் அப்படியே. சௌந்தர்யாவுக்குக் கவனம் சிதறும் ஏ.டி.எச்.டி. கோளாறு இருப்பதாக ஈரோட்டு டாக்டர் சொன்னது போன வருடம்தான். அதற்கு முன் வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். கண்ணில் படாத பொருள் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்; அதனால் எல்லாம் வெளியிலேயே கிடக்கும். ஒன்றை எடுத்து வைக்கப் போனால் வழியில் இன்னொன்று கையைப் பிடித்து இழுக்கும். சாயங்காலம் பார்த்தால் குப்பை இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சித்தி என்பது பிரீத்தி, சௌந்தர்யாவின் கொழுந்தன் மனைவி. அவள் வீட்டில் பருப்பு டப்பாக்கள்கூட உயரப்படி நிற்கும். பால் வாங்கும் சாக்கில் சௌந்தர்யா அந்தத் தெரு வழியாகப் போனாள். உள்ளே அன்பு சிரிக்கும் சத்தம் கேட்டது. பால் வாங்காமலே திரும்பினாள்.

மறுநாள் பவானியில் ஒரு கருமாதிக்குப் போய்விட்டு வந்தால், மேசை துடைத்துப் பளபளத்தது. கணவன் ஈஸ்வர் சாவி கொடுத்திருந்தார். பிரீத்தி வந்து எல்லாவற்றையும் அலமாரிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டாங்கம்மா!" என்று அன்பு பூரித்தாள்.

"அப்ப இனி இங்கயே படிக்கலாமுல்ல சாமி?"

"சித்தி அப்பப்ப வந்து எடுத்து வெச்சா படிக்கலாம்."

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. அடுத்த வாரமே மாத்திரையைக் காணோம், ரேஷன் கார்டைக் காணோம் என்று இழுத்துப் போட்டதில் மேசை பழையபடி ஆனது. அன்பு மறுபடி சித்தி வீட்டுக்குப் போனாள்.

"அவ அடுக்கிக் குடுத்ததயாச்சும் அப்படியே வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் ஈஸ்வர்.

"அப்ப அவ ஊட்டுலயே போய்ச் சோறு தின்னுங்க."

ஆனால் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குள் வீடு சுத்தமாக வேண்டும். வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவரைச் சும்மா உட்காரவைத்துக்கொள்ளுங்கள், கவனம் சிதறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்வரால் பகலில் தறிப் பட்டறையை விட்டு நகர முடியாது. எதிர்வீட்டுக் குப்பாயியைக் கூப்பிட்டால் தெருவே பேசும். மிச்சம் ஒருத்திதான். சௌந்தர்யா பல்லைக் கடித்துக்கொண்டு போன் செய்தாள். பிரீத்தி வருவதற்கு முந்தின இரவே ஈஸ்வரைக் கொண்டு அலமாரிக் கதவுகளைக் கழற்றியிருந்தாள்.

"உக்காரு பிரீத்தி. எதையும் தொடக்கூடாது."

"சும்மாவாங்க அக்கா?"

"சும்மாத்தான்."

பிரீத்தியின் கை மேசைப் பக்கம் நீண்டது. "அந்த ரசீதெல்லாம் ஒரு கவர்ல..."

"கை!"

பிரீத்தி கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். அவள் படும் பாட்டைப் பார்க்கப் பார்க்க சௌந்தர்யாவுக்கு இனித்தது. அந்த உற்சாகத்திலேயே அலமாரியைத் தட்டு தட்டாக நிரப்பினாள்.

"ஏனுங்க அக்கா, இப்படித் தெறந்தே கெடந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்கட்டும். எனக்கும் கண்ணுல படோணுமில்ல."

இருட்டும்போது மேசை காலியாயிற்று. பிரீத்தி எழுந்து, சேலையை உதறி, வாசல்வரை போய் நின்றாள்.

"அப்ப இனி அன்பு எங்கூட்டுக்கு வர மாட்டாளுங்களா?"

சௌந்தர்யா காலி மேசையை இன்னொரு முறை துடைத்தாள்.

திங்கட்கிழமை அன்பு புத்தகங்களோடு திரும்பி வந்தாள். காலையில் தன் வீட்டில் படிப்பது, மாலையில் சித்தி வீட்டில் படிப்பது என்று அவளே முடிவு செய்தாள்.