ஒரே திரையில் டோக்கன்

மூன்று மாதம் பிரவீன்ராஜோடு மல்லுக்கட்டி என் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவர் மேனேஜர். அதற்கு டோக்கன் ஆப் செய்து கொடுக்கும் கம்பெனியில் திரைகளை வடிவமைப்பவள் நான். அவர் மேஜையில் டீவி அளவுக்கு ஒரு மானிட்டர். அதில் தெரிவதெல்லாம் போனிலும் அப்படியே தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"எல்லாமே ஒரே பக்கத்துல வெச்சுருங்க, சம்ரீன் மேடம். கீழ தள்ளித் தள்ளிப் பாத்துக்குவாங்க."

"போன்ல யாரு சார் அவ்ளோ தூரம் தள்ளுவாங்க?"

டாக்டர்கள் பட்டியலாம், கட்டடத்தின் படமாம், வரும் வழியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் கம்ப்யூட்டருக்கு அவர் கேட்டதைக் கொடுத்துத் தொலைத்தேன். போனுக்கு என் இஷ்டம். பெயர், ஊர், வயது, நேரம், அடியில் 'உறுதி செய்' பட்டன், அவ்வளவுதான். கை பட்டு மேலே கீழே நகராதபடி திரையைப் பூட்டியும் வைத்தேன். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது.

விழித்திரை டாக்டர் வெளியூர்க்காரர். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வருவார், முப்பது பேரைத்தான் பார்ப்பார். ஆப் வந்த பிறகு அவருடைய முதல் சனிக்கிழமை. என் வேலையின் அழகைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

பத்து மணிக்கு வரவேற்பு மேஜையில் ஒரே சத்தம். உப்பிலியபுரத்திலிருந்து துறையூரில் பஸ் மாறி வந்திருந்தார் அமிர்தம். பக்கத்தில் அவர் கணவர் வெள்ளைச்சாமி. அவருக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி போட வேண்டும், ஒரு மாதம் தவறினால் இருக்கிற பார்வையும் குறையும். டோக்கன் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

"உங்க ஆப்புதான மேடம்" என்றார் பிரவீன்ராஜ். அந்தக் குரலே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"கடைசியில பட்டன அமுக்காம விட்டிருப்பாங்க சார்."

"எந்தப் பட்டனும்மா?" என்றார் அமிர்தம். "பேரு, ஊரு, வயசு எல்லாம் போட்டோம். பத்தரை மணின்னும் தொட்டோம். அதுக்கு மேல அதுல ஒண்ணுமே இல்லியே. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டோம்."

போனை வாங்கினேன். எழுத்துகள் கடைப் பலகை போலப் பெரிதாக இருந்தன. "இவருக்குக் கண்ணு தெரியலன்னு போன் கடையில பெருசா வெச்சுக் குடுத்தாங்க" என்றார் அமிர்தம். நான்கு கட்டங்களிலேயே திரை நிறைந்துவிட்டது. பட்டன் இல்லை. விரலால் மேலே தள்ளினேன். அசையவில்லை. எப்படி அசையும்? பூட்டியவளே நான்தானே.

கண் ஆஸ்பத்திரிக்கு ஆப் செய்கிறேன், பெரிய எழுத்து வைத்த ஒரு போனில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. பிரவீன்ராஜின் அசிங்கமான பக்கமாவது கீழே நகர்ந்திருக்கும். செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

நேராக டாக்டர் அறைக்குள் போனேன். "தப்பு என்னோடது டாக்டர். அவங்க ஒழுங்காதான் செஞ்சாங்க. அவருக்கு இன்னைக்கு ஊசி போட்டே ஆகணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு எனக்கு ட்ரெயின். ஒரே ஒருத்தர்னா பாக்கறேன். அதுக்கு மேல முடியாதும்மா."

ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன். வெள்ளைச்சாமி எழுந்து நின்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் லால்குடிக்காரர் ஒருவர் போனை நீட்டினார்.

"எங்களுக்கும் டோக்கன் இல்லங்கறாங்க. இதுலயும் பட்டன் வரலம்மா."

அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். ஆறு போனிலும் பெரிய எழுத்து.

"டாக்டர் என்ன மேடம் சொன்னாரு?" என்றார் பிரவீன்ராஜ்.

"ஒருத்தர்னா பாப்பாராம்."

அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு வெள்ளைப் பேப்பரையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார்.

"சொல்லுங்க மேடம். யாரு பேர எழுதப் போறீங்க?"