நாற்பத்தொன்றாவது கேள்வி

சூசைராஜ் சார் யுனிக்ஸ் பாடம் நடத்தியதைப் பார்த்திருந்தால், அந்த கம்ப்யூட்டர் சிஸ்டத்தை எழுதிய வெள்ளைக்காரர்கள் அன்றைக்கே கடையைக் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

திண்டுக்கல்லில் இருபது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர் அவர். இரண்டாயிரத்தில் டைப்ரைட்டர்களை மூலையில் அடுக்கி, சாக்கு போட்டு மூடி, போர்டில் பழைய பெயருக்கு மேல் பெயின்ட் அடித்து கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கினார். போர்டு மாறியது, சார் மாறவில்லை. மணிக்கு ஒரு பேட்ச், பேட்ச் முடிந்தால் பித்தளை மணி. டைப்ரைட்டிங் பரீட்சை மாதிரியே யுனிக்ஸையும் லோயர், ஹையர் என்று இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு கமாண்டை நோட்டில் இருபத்தைந்து தடவை எழுதினால் அது வந்துவிட்டதாகக் கணக்கு. நான் 'மவுன்ட்' என்பதை இருபத்தைந்து தடவை எழுதியிருக்கிறேன். எதை எதன் மேல் மவுன்ட் செய்கிறோம் என்று கடைசி வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

யுனிக்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட் பரீட்சைக்கு நாங்கள் எட்டுப் பேர் தயாராகிக்கொண்டிருந்தோம். பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது. ஏற்கெனவே பரீட்சை எழுதிய யாரோ கொண்டுவந்த கேள்விகள், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் வெளிறிப்போனவை, மொத்தம் இருநூற்றுப் பத்து. சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டி எண்ணைச் சொல்லுவார். நாங்கள் பதிலைக் கோரஸாகச் சொல்ல வேண்டும். தெருவில் போகிறவர்கள் மாடியில் ஜெபம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

யுனிக்ஸ் மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது. உள் அறையில், பூப்போட்ட திரைக்குப் பின்னால். வாரத்துக்கு இரண்டு நாள், ஆளுக்குப் பத்து நிமிடம். அதிலும் 'ஸ்டூடன்ட்' என்ற பெயரில்தான் நுழையலாம். அந்தப் பெயரில் தேதி பார்க்கலாம், காலண்டர் பார்க்கலாம். அட்மினிஸ்ட்ரேஷன் வேலை ஒன்றுகூடச் செய்ய முடியாது. அதற்கு 'ரூட்' என்ற பெயரில் நுழைய வேண்டும். ரூட்தான் அந்த மெஷினுக்கு எஜமான். மெஷினை முறையாக நிறுத்துவதற்குக்கூட ரூட்தான் வேண்டும்.

ரூட்டின் பாஸ்வேர்டு சிங்கப்பூரில் இருந்தது. மெஷினை அமைத்துக்கொடுத்த பிராங்கிளின் என்கிற பழைய மாஸ்டர் அதைச் சொல்லாமலே பிளேன் ஏறிவிட்டாராம். அதனால் மெஷின் இரண்டு வருடம் எட்டு மாதமாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் எங்களுக்கு ஃபேன் நின்றுவிடும், லைட் நின்றுவிடும். மெஷினுக்கு மட்டும் இரண்டு லாரி பேட்டரி. மானிட்டரின் நெற்றியில் சார் கையெழுத்தில் ஒரு அட்டை: 'ரூட் என்று யாரும் அடிக்கக் கூடாது. மீறினால் நீக்கப்படுவர்.' மூன்று தடவை தப்பாக அடித்தால் மெஷின் தன்னையே அழித்துக்கொள்ளும் என்பது சாரின் முடிவு. பேங்க்கில் புதிதாக வைத்த ஏடிஎம்மில் அவர் மூன்று தடவை தப்பு நம்பர் அடித்து, கார்டு உள்ளே போய்விட்டதாம். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் அப்படித்தான் என்று தெளிந்துவிட்டார்.

இப்போது நாற்பத்தொன்றாவது கேள்விக்கு வருகிறேன். ரூட் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

"மெஷினை நிறுத்தவும். சிடியிலிருந்து கிளப்பவும். டிஸ்க்கை மவுன்ட் செய்யவும். ஷேடோ ஃபைலைத் திறந்து, ரூட் வரியில் இரண்டாவது கட்டத்தை அழிக்கவும். மறுபடி கிளப்பவும்."

இதை நாங்கள் தினமும் சொன்னோம். ரூட் பாஸ்வேர்டு மறந்துபோன மெஷினுக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, தொண்டை வறளச் சொன்னோம். நான்கு மாதம் எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை. ஒருநாள் கன்னிவாடி பஸ்ஸில் நின்றுகொண்டே வாய்க்குள் ஒப்பித்து வரும்போதுதான் சுருக்கென்றது. மறுநாள் எழுந்து கேட்டேன்.

"சார், அப்ப நம்ம மெஷினுக்கும் இப்படியே செஞ்சுரலாமே சார்?"

சார் ஸ்கேலைக் கீழே வைத்தார். "ஏம்மா மலர்விழி, அது பரீட்சைக்கு. இது மெஷினு. ரெண்டும் ஒண்ணா?"

"மெஷினோட வந்த சிடி இருக்குல்ல சார்?"

"சிடி இருந்தா? கத்தி இருக்குன்னு நீ ஆபரேஷன் பண்ணுவியா? உக்காரு. நாப்பத்திரெண்டு!"

எல்லாரும் நாற்பத்திரண்டைச் சொன்னார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆனந்த்ராஜ் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது என்றால், அந்த மெஷினுக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. தமிழ்நிலா அக்கா. 'எங்கள் வெற்றி மாணவி தமிழ்நிலா, 92 சதவீதம்' என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் மாலையும் போட்டிருந்தார் சார். உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போடுகிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த அக்கா கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். எங்கள் இருநூற்றுப் பத்துக் கேள்விகளையும் நகல் எடுத்துத் தருவதே அவள்தான்.

பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு வாங்கி பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனவள் அவள். அங்கே கேள்வி கேட்கவில்லை. ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்து, "ஒரு யூசரை உண்டாக்கி, இந்த டிஸ்க்கை அவனுக்குக் கொடு" என்றார்கள்.

"எத்தனையாவது கேள்வின்னு யோசிச்சேன்டி" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். "சத்தியமா. நூத்திப் பன்னெண்டா, நூத்திப் பதினஞ்சான்னு. பதில் வாய்க்கு வந்துருச்சு. கைக்கு வரல. அரைமணி நேரம் அந்தக் கீபோர்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பறம் தண்ணி வேணுமான்னு கேட்டாங்க."

அதே கம்பெனி, பரீட்சை தேறினால் என்னையும் வரச்சொல்லியிருந்தது. பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. தேறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கப்புறம் அந்த மெஷின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவேன், சார் எனக்கும் ஒரு மாலை போடுவார். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சார் சர்ச்சில் ஒன்பது மணி பூசைக்குப் போனால், அப்புறம் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்திவிட்டு பதினொன்றரைக்குத்தான் வருவார். சென்டர் சாவி ஜெராக்ஸ் கடையில் இருக்கும்.

"வேணாம்டி" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தாள்.

திரையை விலக்கி உட்கார்ந்தோம். தலைக்கு மேல் மாலையோடு அக்கா, பக்கத்தில் மாலை இல்லாமல் அக்கா. ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு சுவிட்சை அணைத்தேன். இரண்டு வருடம் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்த இரைச்சல் நின்றதும் கீழே பஸ் ஸ்டாண்டில் "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கூவுவது தெளிவாகக் கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சிடியைப் போட்டுக் கிளப்பினேன். கிளம்பியது. டிஸ்க்கை மவுன்ட் செய்யச் சொன்னேன். முடியாது, முதலில் சரிபார் என்றது. அது அறுபத்து மூன்றாவது கேள்வி. அக்கா வாயால் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சரிபார்த்து முடித்து, மவுன்ட் ஆனது. டிஸ்க் மொத்தமும் ஒரு காலி ஃபோல்டர் மேல் வந்து உட்கார்ந்திருந்தது; எதை எதன் மேல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்தைந்து தடவை எழுதிப் புரியாதது ஒரு தடவை அடித்ததும் புரிந்துவிட்டது. பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலைத் திறந்தேன். அம்புக்குறியை அழுத்தினால் கண்ட எழுத்தும் வந்து விழுந்தது. இதற்கு இருநூற்றுப் பத்திலும் பதில் இல்லை. எதையும் சேமிக்காமல் ஃபைலை மூடி, மறுபடி திறந்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து ரூட் வரிக்குப் போனேன்.

அந்த வரியில் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே குப்பையைக் கொட்டியது போலப் பதின்மூன்று எழுத்துகள் இருக்கும். அதுதான் பாஸ்வேர்டு. அதை அழிக்க வேண்டும். விரலை, எழுத்தை அழிக்கும் எக்ஸ் கட்டை மேல் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ரூட். முக்காற்புள்ளி. உடனே இன்னொரு முக்காற்புள்ளி. நடுவே ஒன்றுமே இல்லை.

"எங்கடி அழிக்கிறது?" என்றாள் அக்கா.

எனக்கு வாய் தானாகத் திறந்தது. "பதினேழாவது கேள்வி. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், பாஸ்வேர்டு கிடையாது என்று பொருள்."

பிராங்கிளின் மாஸ்டர் எதையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவில்லை. அவர் பாஸ்வேர்டே போடவில்லை. ரூட் என்று அடித்து என்டர் தட்டியிருந்தால் போதும். இரண்டு வருடம் எட்டு மாதத்தில் எந்தப் பிள்ளையாவது, ஒரு தடவை, அட்டையை மதிக்காமல் தட்டியிருந்தால் போதும். யாரும் தட்டவில்லை. நாங்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏழு மாசம் இது முன்னாடி உக்காந்திருந்தேன்டி. ஏழு மாசம். இந்தா, இங்கனதான்." நான் எழுந்து போட்டோவிலிருந்த மாலையைக் கழற்றி டைப்ரைட்டர் சாக்குக்கு அடியில் போட்டேன்.

சிடியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி கிளப்பி, ரூட் என்று அடித்து என்டர் தட்டினேன். எதையும் கேட்காமல் உள்ளே விட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். ஞானோபதேசப் பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லையாம், சார் சீக்கிரம் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மானிட்டரில் இருந்ததைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மெஷின அணைச்சீங்களா?"

"ஆமா சார்."

"ரூட்ட... தொறந்துட்டீங்களா?"

"தொறக்கல சார். பூட்டவே இல்ல."

விளக்கிச் சொன்னேன். சார் கேட்டுக்கொண்டே வந்து டைப்ரைட்டர் மேல் உட்கார்ந்தார். பாவமாகக்கூட இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குந்தான்."

"அப்ப ஒண்ணு செய்யி தாயி. இப்பவே ஒரு பாஸ்வேர்டப் போட்டுரு. வெளிய மூச்சு விட்றாத. பூட்டாத மெஷினுக்கு இம்புட்டு நாளா காவலிருந்தோம்னு தெரிஞ்சா, பூட்டுக்குப் பேர்போன ஊர்ல நான் தலகாட்ட முடியுமா?"

"உங்களுக்கு என்ன பாஸ்வேர்டு வேணும் சார்?"

"எனக்குச் சொல்லாத!" என்று பதறினார். "எனக்குத் தெரிஞ்சா பயலுக எங்கிட்டக் கேப்பாய்ங்க. பிராங்கிளின்கிட்ட இருக்குன்னே இருக்கட்டும்."

பரீட்சை வரைக்கும் தினமும் ஒரு மணி நேரம் நானும் அக்காவும் அந்த மெஷினில் ரூட்டாக உட்காருவோம் என்று பேரம் பேசினேன். சார் தலையாட்டினார். அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பிப் பாஸ்வேர்டை அடித்தேன். மறுநாள் கோரஸில் நாற்பத்தொன்று வந்தபோது சார் என் பக்கமே பார்க்கவில்லை. அட்டையும் அதே இடத்தில் இருந்தது.

மதுரையில் பரீட்சை எழுதி எண்பத்தைந்து வாங்கினேன். பெங்களூரில் மெஷின் முன்னால் உட்காரவைத்து, "இதன் ரூட் பாஸ்வேர்டு தொலைந்துவிட்டது, உள்ளே போ" என்றார்கள். முதலில் ரூட் என்று அடித்து என்டர் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. அதன் பிறகுதான் சிடி கேட்டேன். ஏன் முதலில் அப்படி என்று அந்த ஆள் கேட்டார். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம் என்றேன்.

வேலை கிடைத்துப் பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள் மற்ற ஏழு பேருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனந்த்ராஜ், "சாருக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே கையில் எழுதிக்கொண்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மாடியில் கூட்டம் என்று கேள்வி. அக்கா அடுத்த மாதமே ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் போய்விட்டாள். அங்கே அவள்தான் ரூட்.

போன வாரம் சார் போன் செய்தார். என் போட்டோவையும் அக்கா போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம், மெஷினுக்கு நேர் மேலே, அங்கிருந்துதான் பேசுகிறாராம். டிஸ்க் நிறைந்துவிட்டதாம், ரூட்டாகப் போகாமல் எதையும் அழிக்க முடியவில்லையாம். பிள்ளைகளிடம் கேட்க முடியாதாம்.

"ஏம்மா, அன்னைக்கு என்ன பாஸ்வேர்டு போட்ட?"

பாஸ்வேர்டு 'தமிழ்நிலா'. அவருடைய கண்ணுக்கு நேராக, போட்டோவுக்குக் கீழே, அவர் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிய பெயர். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"நாப்பத்தொண்ணு சார்" என்றேன்.

கண நேரம்கூட யோசிக்கவில்லை அவர். "மெஷினை நிறுத்தவும், சிடியிலிருந்து கிளப்பவும், டிஸ்க்கை மவுன்ட் செய்யவும், ஷேடோ ஃபைலைத் திறந்து ரூட் வரியில் இரண்டாவது கட்டத்தை அழிக்கவும், மறுபடி கிளப்பவும்." ஒரே மூச்சில், ஒரு சொல் பிசகாமல். "சரியா?"

"ரொம்பச் சரி சார்."

"ம். சரிம்மா, பாஸ்வேர்டு என்ன?"