வங்கி வாசலில் ஒரு மம்மட்டி

இடுப்பு பிடித்திருந்தது. முந்தின நாள் லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கிய வலி. ஆனாலும் கூட்டாளி மாமசாலி வீட்டுச் சுவர் வேலைக்குப் போயே ஆகவேண்டும். போன வசந்தத்தில் என் கூரைக்கு அவன் பொழுது சாயும்வரை மண் மிதித்தான். எங்கள் ஓஷ் நகரப் பக்கத்தில் இதற்குக் கூலி கிடையாது, ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் உழைப்பைத் திருப்பவேண்டும். மம்மட்டியும் அவரவர் கொண்டுபோவதுதான். வெறுங்கையோடு போனால் சோற்றுக்கு வந்தவன் என்பார்கள்.

மினிபஸ் புது வங்கியின் முன்னால்தான் நிற்கும். காலையிலேயே மம்மட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வாசல் நிழலில் நின்றேன். காவலாளி உலுக்பெக், எங்கள் ஊர்ப் பையன்தான், ஓடிவந்தான். மடிப்புக் கலையாத சட்டை, காய்ப்பே இல்லாத கை.

"அண்ணே, கோடாரிய கீழ வைங்க."

"எந்தக் கோடாரி?"

கையிலிருந்த திரையைக் காட்டினான். கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டர் எழுதித் தருமாம். 'வங்கி வாசலில் கோடாரியுடன் ஒருவன்.'

"உங்கப்பன் இத வெச்சுத்தானடா பருத்திக் காட்டுல வாய்க்கா வெட்டி ஒனக்கு சோறு போட்டான்? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்குத் தெரியுதுண்ணே. அதுக்குத் தெரியலையே."

பக்கத்தில் ரோஜாப் பாத்தி. அங்கே போய் நின்றேன், திரையில் எழுத்து மாறியது. 'தோட்டத்தில் மம்மட்டியுடன் தோட்டக்காரன்.' வாசலுக்கு வந்தேன், கோடாரி. பாத்திக்குப் போனேன், மம்மட்டி. அந்தக் கழுதை கையில் இருப்பதைப் பார்க்கவே இல்லை. பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையில் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தது. பணக்காரன் வாசலில் எங்களைப் பார்க்கிற மனிதர்களும் அப்படித்தான். அவர்களையாவது முகத்துக்கு நேரே திட்டலாம்.

உலுக்பெக்கும் சிரித்துவிட்டான். "பூவப் பாத்தாதான் அதுக்குப் புத்தி வருது."

"அப்ப நான் கெளம்புறேன்."

சிரிப்பு நின்றது. மம்மட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டான். "கோடாரின்னு பதிவாயிடுச்சுண்ணே. மேலதிகாரி வந்துதான் அழிக்கணும். விட்டா என் வேலை போயிரும்."

"மம்மட்டின்னும்தானே பதிவாயிருக்கு?"

"கோடாரின்னாதான் மேலிடத்துல மணி அடிக்கும். மம்மட்டிக்கு அடிக்காதுண்ணே."

மம்மட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினான். வெறுங்கையோடு போக மனமில்லாமல் வாசலிலேயே காத்திருந்தேன். மேலதிகாரி மூன்று மணிக்கு வந்தார். திரையைத் தொடக்கூட இல்லை. "மம்மட்டிதானே, குடுத்தனுப்பு" என்றார்.

நான் போனபோது மாமசாலியின் சுவர் நெஞ்சளவு எழும்பி ஈரமாக நின்றது. ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. புலாவ் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடு."

கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மம்மட்டித் தகட்டில் ஒரு பொட்டு மண் இல்லை, வெயிலில் பளபளத்தது. மாமசாலிக்கு நான் ஒரு நாள் உழைப்பு பாக்கி.