ஒரு கால் நிலத்தில

"வீட்டிலை எத்தினை கட்டில் எண்டு கேக்கிறா, பிள்ளை."

சுமித்ரா தலையைக் குனிந்தாள். பதில் தெரியாமல் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சுவிஸ் குடிவரவு அதிகாரி ஜெர்மன் மொழியில் கேட்பதைத் தமிழில் சொல்ல உட்கார்ந்திருந்தவர் தம்பித்துரை அண்ணை. கோயில் சபைத் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் அவள் கையில் பிரசாதம் வைப்பவர். இந்த மனுசனுக்கு முன்னால் கட்டில் கதையா? இவர்களுக்கு வேறு மொழிபெயர்ப்பாளரே கிடைக்கவில்லையா!

"ரெண்டு."

"தனித்தனியாவோ படுக்கிறனீங்கள்?"

"ஓம் அண்ணை, தனித்தனியாத்தான்."

மரியாதையான பெண்பிள்ளை சொல்லும் பதில்தான். ஆனால் விசாவுக்காகச் செய்த பொய்க் கலியாணமோ என்ற சந்தேகத்தில்தான் அவளையும் கணவன் நிருசனையும் அன்று தனித்தனியாக விசாரித்தார்கள். சந்தேகம் உறுதியானால் அடுத்த மாதம் அவள் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அதிகாரியின் பேனை வேகமாக ஓடியது.

"உம்மடை அவரை, படுக்கிற அறையைத் தாளிலை கீறிக் காட்டச் சொன்னவையாம். ரெண்டு கட்டில் கீறினவராம். ஏன் எண்டு கேக்க, 'பழைய படங்கள்' எண்டாராம். அதுக்கு மேலை விளக்கம் சொல்லேல்லை. அதென்ன படம் எண்டு கேக்கிறா."

பாவி மனுசன்! முதல் நடந்த அவருடைய விசாரணையிலும் அண்ணைதானே மொழிபெயர்ப்பு, அவரைக் கண்டு வாயடைத்துப் போயிருக்கிறார்.

டாவோஸில் ஹோட்டல் கோப்பை கழுவிய காலத்தில் நிருசன் ஆங்கிலம் படித்தது பழைய ஹாலிவுட் காதல் பகிடிப் படங்களைப் பார்த்துத்தான். கலியாணமாகி எம்மன்புரூக்கே நகரில் தொழிற்சாலை வேலைக்கு வந்ததும், விடிய நாலு மணிக்கு எழும்பவேண்டும், அவளுடைய நித்திரை குழம்பக்கூடாது என்று இரண்டாவது கட்டில் வாங்கினார். நடுவில் விளக்கு மேசையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்துப் படங்களில் புருசன் பெண்சாதிக்கும் இரண்டு கட்டில்தான், நடுவில் விளக்குத்தான், கழுத்துவரை பொத்தான் பூட்டிய பைஜாமாதான். தணிக்கைக்காரருக்குப் பயம். கட்டிலில் முத்தமிட்டால் ஒரு கால் நிலத்தில் இருக்கவேண்டும் என்றுகூட ஒரு கதை உண்டு. படம் எடுத்தவர்கள் விட்டார்களா? அந்தத் தணிக்கையையே நக்கலடித்துக் காட்சிக்குக் காட்சி பகிடி ஒளித்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தேடிப் பிடிப்பதுதான் இருவருக்கும் வேலை.

பிறகு பகிடி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நிருசன் அவளுடைய கட்டிலில் வந்து உட்கார்ந்தால் போதும், "சென்சார் பாக்கிறான், ஒரு கால் நிலத்தில!" என்பாள்.

இதைச் சபைத் தலைவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதிகாரி மணியைப் பார்த்தார், முன்னால் இருந்த ஃபைலை மூடப்போனார். சுமித்ராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, எல்லாரையும்விடத் தன்மேல்தான்.

"அண்ணை, நான் முதல் சொன்னது பொய். ஒரு கட்டிலிலைதான்..." அண்ணையை விட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ஒரு கட்டிலிலைதான் படுக்கிறனாங்கள். மற்றதிலை மடிக்காத உடுப்புத்தான் படுக்குது. அப்பிடியே சொல்லுங்கோ."

படம், சென்சார், கால் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். தம்பித்துரை அண்ணையின் காது சிவந்தது. ஆனாலும் மனுசன் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை.

"எந்தக் கால் எண்டு கேக்கிறா."

"இடது. அந்தக் காலிலைதான் செருப்பு இருக்கும். மற்றச் செருப்பை எப்பவும் கதவடியிலை கழட்டி எறிஞ்சிட்டுத்தான் வருவார்."

அதிகாரி நிருசன் கீறிய தாளை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கட்டில். நடுவில் விளக்கு. அவளுடைய கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு. மற்றது தூரத்தில், கதவடியில்.

"ஒற்றைச் செருப்பு ஏன் எண்டு மூண்டு தரம் கேட்டவவாம். 'என்ரை மனுசியைக் கேளுங்கோ' எண்டாராம்," என்றார் அண்ணை. அதிகாரி தாளின் ஓரத்தில் சரி என்று குறித்துவிட்டுப் பேனையை மூடினார்.

வெளியே நிருசன் முகம் வெளுத்து நின்றார்.

"சொன்னீரோ?"

"எல்லாம் சொன்னன்."

"அண்ணைக்கு முன்னாலையோ? ஐயோ!"

பின்னாலேயே அண்ணை வந்தார். கோயிலில் அவரைக் கண்டால் சுமித்ரா கணவனைவிட்டு ஒரு முழம் தள்ளி நிற்பாள். இன்று நிருசனின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும்.