இரவல் குரலுக்காக ஒரு வழக்கு

வாரத்தில் ஒரு மணி நேரம் மனிதர்களோடு பேச ஆறு டாலர். முதியோர் தள்ளுபடி போக நாலரை. பழைய பாட்டுப் படங்களைப் பற்றி எங்கள் மில்வாக்கி நூலகம் ஜூமில் நடத்திய ஆறு வார உரையாடலுக்கு அதுதான் கட்டணம். வாழ்நாளில் நான் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சரக்கு.

அப்பாவின் பழைய மேசை நாற்காலிக் கடையில் வளர்ந்தவன் நான். விலை படியாதவரைதான் வந்தவர் கடையில் நிற்பார். படிந்தால் சோபாவோடு கிளம்பிவிடுவார். ஆகவே முதல் செவ்வாய்க்கிழமையே ஒரு சண்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரப் படத்தில் நாயகி வாயை மட்டும் அசைத்தாள். பாடியவள் வேறொருத்தி, அவள் பெயர்கூடத் திரையில் வரவில்லை. துலூத் நகரிலிருந்து வெர்னா டாலிவர் கொதித்தாள். நாற்பது வருடம் பள்ளிப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தவள்.

"இது பச்சைத் திருட்டு!"

"என்னம்மா திருட்டு? குரலை வித்தா, காசு வாங்கினா. வாங்கினவன் வித்தவ பேரையும் சேத்து ஒட்டணுமா?"

"மிஸ்டர் லிப்கிஸ், உங்களுக்கு இருக்கிறது காதா, கல்லாப்பெட்டியா?"

திரையில் எல்லாச் சதுரங்களும் சிரித்தன. பேச்சு முடிந்த பிறகும், அரட்டைக்கென்று டெஸ் அறையைக் கால் மணி நேரம் திறந்து வைப்பாள். நூலகத்தின் சார்பில் நடத்துபவள் அவள்தான். மற்றவர்கள் போய்விடுவார்கள். நானும் வெர்னாவும் கடைசி நிமிடம்வரை மல்லுக்கு நிற்போம்.

உண்மையில், இரண்டாவது வாரமே நான் அவள் கட்சிக்கு மாறிவிட்டேன். திரைக்குப் பின்னால் பாடியவளின் குரலைத் தனியாகக் கேட்டால் கல்லும் கரையும். ஆனால் சொல்வேனா? என் வீட்டில் மற்ற ஆறு நாளும் வாய் திறப்பது மைக்ரோவேவ் மட்டும்தான். அவளை மறுத்துப் பேசுவதற்காகவே ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை பார்த்தேன். செவ்வாய்தோறும் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், கழுத்திலிருந்து மூன்றாவது பொத்தான்வரை.

கடைசி வாரம் அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்பதாக இருந்தேன். எல்லாரும் போனதும் வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யோசிச்சுப் பாத்தேன், லிப்கிஸ். நீங்க சொல்றதுதான் சரி. வித்தது வித்ததுதான்."

"அதெப்படி? மொத வாரப் படத்துல வந்த அந்த மாடிப்படிப் பாட்டை எடுத்துக்குங்க..."

"அட விடுங்கய்யா! ஆறு வாரமாத் தொண்டை வறளக் கத்துறீங்க. இன்னிக்காவது ஜெயிச்சுட்டுப் போங்க."

பதறிப்போய் உண்மையைக் கொட்டினேன். "இல்ல வெர்னா, நீங்கதான் சரி. எப்பவோ ஒத்துக்கிட்டேன், வாயால சொல்லலை. அது திருட்டுதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப ரெண்டு பேரும் சமாதானம். ரொம்பச் சந்தோஷம். உடம்பைப் பாத்துக்குங்க."

அவள் சதுரம் அணைந்தது. என் முகம் திரை முழுக்கப் பரவி நின்றது. இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது. டெஸ் அறையை மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வாரம், ஆறு சண்டை. அவளுக்கு ஒரு வெற்றி, எனக்கு ஒரு வெற்றி. கேட்காமல் விட்ட எண் ஒன்று.